சிறைமீள் ஆற்றுப்படை

லாக்லன்,
கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம் போகாதே.
அங்கே கார்கள் நிற்கும். உனக்காக யாராவது வந்திருப்பார்களோ என்று
ஒவ்வொரு கண்ணாடியாகக் குனிந்து பார்ப்பாய்.
நான் பார்த்தேன். பதினொரு கார்கள்.
வலப்பக்கம் வா. நான் நிற்பேன்,
மழைக்கோட்டின் மேல் அடையாள அட்டை,
கையில் ஒரு காலிப் பை.

பை உனக்குத்தான்.
உள்ளேயிருந்து கொடுத்தனுப்பும் பாலித்தீன் உறை
ஒளித்துவைக்கத் தெரியாதது: உன் உள்ளாடை, கடிதங்கள்,
பாதி தீர்ந்த பற்பசை எல்லாம் ஊருக்குத் தெரியும்.
பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் முதலில் அதைப் பார்ப்பார்,
பிறகு உன்னை.
மதில் ஓரமாகவே மாற்றிவிடலாம்.
ஜிப் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழசு.
எனக்கு யாரும் கொண்டுவரவில்லை; பின்னால் நானே வாங்கியது.

காலையில் காவலறைப் படிவத்தில் ஒரு கட்டம்:
'இவருக்கு நீங்கள் என்ன உறவு?'
தாய் தந்தைக்கு ஒரு வரி, வழக்குரைஞருக்கு ஒரு வரி.
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
ஒரு காலத்தில் தினமும் என்னை எண்ணிய ஆர்பத்நாட்
'மக்கிளஸ்கி, உனக்குத்தான் வழி தெரியுமே' என்றார்.
வேடிக்கைக்குத்தான். நானும் சிரித்தேன்.
ஆனால் சாவிக்கொத்து குலுங்கியதும்
என் கைகள் இரண்டும் தாமாகப் பக்கவாட்டில் உயர்ந்தன,
சோதனைக்கு.
அட்டை கழுத்தில் தொங்குகிறது. தோள்களுக்கு அது தெரியவில்லை.
கட்டத்தில் 'முன்னவன்' என்று எழுதினேன்.
அவர் அதை அடித்துவிட்டு
'இதர' என்பதில் ஒரு டிக் போட்டார்.

நிறுத்தம் வரை இறக்கம். எட்டு நிமிடம்.
உனக்குப் பன்னிரண்டு ஆகும்:
முற்றத்தின் நீளத்தையே அளந்த கால்கள்
அறுபது அடிக்கு ஒருமுறை திரும்பப் பார்க்கும்.
திரும்பட்டும்.
ஆட்டுக் கொட்டிலைக் கடந்தால் டே நதி,
பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில்.
அக்கரையில் டண்டீ. உன் அக்காவின் வீடு.
இரவு ஏழுக்குமேல் வாசல் தாண்டக்கூடாது;
உன் கணுக்கால் பட்டையை வேவு பார்க்கும் பெட்டியை
நேற்றே அங்கே செருகிவிட்டார்கள்.

வழி சொல்பவன், போய்ச் சேரும் இடத்தில்
பொன் உண்டு, யானை உண்டு என்று சொல்லவேண்டும்.
என்னிடம் ஒரு பேருந்துச் சீட்டு,
வேலை மையத்தில் சிடுசிடுக்காத ஒரே பெண்ணின் பெயர்,
எந்த முடுக்கில் உன் பழைய கூட்டாளிகள் நிற்பார்கள்,
அதைச் சுற்றிக்கொண்டு போக எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு.

இவ்வளவையும் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன்.
நீ வந்தாய். ஒன்றும் கேட்கவில்லை.
ஜிப்போடு மல்லுக்கட்டி
'இது குப்பை' என்றாய்.
நதியைப் பார்க்கவே இல்லை.

நிறுத்தத்துக்கு எதிரே வறுவல் கடை.
கதவருகே போய் நீ நின்றாய்.
நானும் நின்றேன்.
மழை. உள்ளே மீன் பொரியும் வாசனை.
யாராவது வந்து திறக்கும்வரை
ஓரடி பின்தள்ளி, கைகள் தெரியும்படி நிற்பது
உனக்குப் பதினான்கு மாதப் பழக்கம்.
நான் வெளியே வந்து ஆறு வருடம்.

கடைக்காரி மாவுக் கையோடு வந்து இழுத்துத் திறந்தாள்:
'பூட்டவே இல்லையே, பசங்களா.'

நீ என்னைப் பார்த்தாய்.
அட்டையை இல்லை, என்னை.
'உனக்கும் போகலையா?'

போய்விடும் என்று சொல்லத்தான்
பயிற்சி தந்திருக்கிறார்கள்.
'மழை நாளில் கொஞ்சம் கூடும்' என்றேன்.

வினிகரை ஊற்று ஊற்றென்று ஊற்றிக்கொண்டாய்.
இரண்டு பேருந்துகளை விட்டோம்.
கிளம்பும்போது, வியாழன் பத்து மணி, நூலக வாசல் என்றேன்.
'பார்க்கலாம்.'

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
என்னைத் தேடி வந்த ஒருத்தியிடம்
மூன்று வியாழன் அதையே சொல்லியிருக்கிறேன்.

நூலகத்தின் கதவு, லாக்லன்,
பக்கத்தில் போனால் தானே திறக்கும்.
அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.