சொட்டு

ரவுண்டானா பக்கம் ஷவர்மா கடையில்
வெள்ளையை மாற்றிவிட்டார்கள்.
முட்டை போட்டதற்குத் தடையாம்,
இது பால் போட்டது என்றான் கத்தியைத் தீட்டிக்கொண்டே.
லோகித் ஒரு வாய் தின்றான்.
"இது அது இல்லம்மா."

அது எது என்று பார்த்துவிட
ஞாயிறு சாயங்காலம் முட்டை உடைத்தேன்.
கரு இரண்டு, அரைத்த கடுகு கொஞ்சம், உப்பு,
அரை மூடி எலுமிச்சை.
எண்ணெய்தான் இடித்தது.
பாப்பாரப்பட்டிச் செக்கில் வாங்கிய
கடலெண்ணெய் மட்டுமே வீட்டில் இருந்தது.
இருப்பதில்தானே எதுவும் செய்யமுடியும்.

கெட்டியாவது எனக்குப் புதிதில்லை.
சீசனில் நான் மாங்கூழ் கம்பெனியில் நிற்கிறவள்.
கரண்டியில் ஒட்டும் விதம் பார்த்தே
பதம் சொல்வேன், சூப்பர்வைசர் மீட்டர் வைப்பதற்குள்.
ஆனால் அது அடுப்பு செய்யும் வேலை.
இங்கே அடுப்பே இல்லை.
மிக்ஸி ஓட ஓட எண்ணெயை நூலாக விடவேண்டும்,
அவ்வளவுதான்.
விட்டேன்.
வெளுத்தது, வழவழத்தது,
ஜாரின் சத்தம்கூட மாறிக் கனத்தது.
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

கை நிற்கவில்லை.
இருட்டில் எண்ணெய் மடமடவென்று இறங்கிவிட்டது.
செல்லைக் கிட்டே கொண்டுபோனால்
மேலே எண்ணெய், கீழே மஞ்சள் தண்ணீர்:
ஒரே பஸ் சீட்டில்
முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு பேர்.

"உங்களுக்கும் போச்சா?"
வாசலில் ஷபீனா.
குழாயடியில் குடம் உருண்ட நாளிலிருந்து
மூன்று மாதமாகப் பேச்சில்லை.
இருட்டில் யார் வீடென்று தெரியாமல் கேட்டிருக்கலாம்.
ஜாரை எட்டிப் பார்த்தாள்.
ஓசூர் ரோட்டு ஓட்டல் ஒன்றில்
இரண்டு வருடம் சமையல்கட்டில் இருந்தவள்.
"கொட்டிடாத. புதுசா ஒரு கரு எடு.
திரிஞ்சத அதுமேல விடு. சொட்டா."

அவள் வெளிச்சம் பிடித்து ஊற்றினாள்.
நான் முள்கரண்டியால் அடித்தேன்.
"விடு."
"போதும்."
"விடு."
"இரு, இரு."
அரைமணி நேரம் இவ்வளவுதான் பேசினோம்.
தோள்பட்டை விட்டுப்போனது.
கரண்டியைக் கவிழ்த்தேன், விழவில்லை.
அவள் விரலில் தொட்டு நக்கி
"உப்பு கம்மி" என்றாள்.
"பிரிட்ஜ்ல வை, ரெண்டு நாளுக்கு மேல வேணாம்."
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.
அப்புறம்தான் கரண்ட் வந்தது.

லோகித் பிரெட்டில் தடவி முகர்ந்தான்.
"கடலமுட்டாய் வாசம் அடிக்குது."
மூடி வைத்துவிட்டான், மகராசன்.
தோள் வலித்ததால்
எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை.

முனிரத்தினம் கிரானைட் லோடு இறக்கிவிட்டு
ஒரு மணிக்கு வந்தார்.
சட்டியில் ஆறின கேழ்வரகுக் களி,
கீரைக் குழம்பு தீர்ந்திருந்தது.
தூக்கத்திலேயே கிண்ணத்தைக் காட்டினேன்.
களியை உருட்டித் தொட்டு விழுங்கினார்,
மறுபடி தொட்டார்.
"என்ன சட்னிடி இது,
மென்னே பாக்கலையே, அதுவா எறங்குது."
கிண்ணத்தை விரலால் வழித்து
கழுவவேண்டாத அளவுக்குச் சுத்தமாக வைத்தார்.

காலையில் குழாயடி.
வழக்கம்போல அவள் குடம் முன்னால்.
திரும்பாமல் கேட்டாள்,
"நின்னுச்சா?"
"நின்னுச்சு."
குடத்தை நகர்த்தவில்லை.
நானும் நகர்த்தச் சொல்லவில்லை.
தண்ணீர் அன்றைக்கும்
நூலாகத்தான் வந்தது.