மூணு கட்டு குறைவு

கணக்கு எனக்குப் புதுசில்லை.
இருபத்தஞ்சு சுத்தினா ஒரு கட்டு,
நாப்பது கட்டு சேந்தா ஆயிரம்.
முப்பத்தோரு வருசமா மடியில சுளவு,
மடக்கின கால் மடக்கினபடி.
மேலப்பாளையத்தை விட்டு நகராம
கை மட்டும் கன்னியாகுமரி வரை
ஓடிட்டு வந்த மாதிரி இருக்கும் ராத்திரி.
இடுப்புக்குக் கீழ என்ன நடக்குன்னு
நான் விசாரிச்சதே இல்லை.

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில
டாக்டரம்மா சீட்டைத் திருப்பிக் காட்டினாங்க.
மூணு மாசச் சராசரி, பத்து புள்ளி ரெண்டு.
"இன்னைக்கு மட்டும் சாயா குடிக்காம வந்தா
ரத்தத்தை ஏமாத்த முடியாது மீராளம்மா,
அது தொண்ணூறு நாளையும் எழுதி வச்சிருக்கு."
எனக்குக் கடைக் கணக்கப்பிள்ளை ஞாபகம்.
அவனும் போன மாசக் கழிவை
இந்த மாசக் கூலியிலதான் பிடிப்பான்.

அடுத்தது நெஞ்சுப் படம். வரிசை.
பெஞ்சில எனக்கு முன்னால ஒரு ஆள்,
சீவலப்பேரிப் பக்கமாம்,
நெஞ்சைத் தடவிக்கிட்டேதான் பேசுதாரு.
சட்டைப் பையில பாதிக் கட்டு பீடி.
லேபிள் எங்க கடை.
பச்சை நூல்.
தலைமடிப்பைப் பாத்தா
எந்தத் தெருக் கைன்னு சொல்லிருவேன்.
முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.
என் பேரைக் கூப்பிட்டதும் எந்திரிக்க
ரெண்டு தடவை ஆச்சு,
காலா, வேற எதுவுமா, தெரியலை.

நடங்கன்னுட்டாங்க. எங்க நடக்க?
பஜார்ல போனா நாலு பேரு நிறுத்தி
யாருக்கு என்னன்னு கேப்பாங்க.
மொட்டைமாடி இருக்கு.
சுபுஹு தொழுது பாயைச் சுருட்டினதும் ஏறுவேன்.
தண்ணித் தொட்டியில இருந்து கொடிக்கம்பி வரை
பதினேழு எட்டு.
ஒரு சுத்துக்கு ஒரு இலை, கைப்பிடிச்சுவர்ல.
ஆடிக் காத்து ஒரு நாள் அத்தனையும் வாரிட்டுப் போச்சு.
நடந்தது நடக்காததா ஆயிருமான்னு
கொஞ்சநேரம் நின்னு யோசிச்சேன்.
பிறகு திரும்பவும் முதல்ல இருந்து நடந்தேன், கிறுக்கி.

மருமவ இட்லி வைக்கிற சின்னத் தட்டு
இப்ப என் சோத்துத் தட்டு.
பாதிக்கு மேல கீரை, அவரைக்காய்,
ஓரத்துல சாளைக் குழம்பு.
சோறு கடைசியா வந்த விருந்தாளி மாதிரி
ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்கும்.
சீனியில்லாச் சாயா முதல் நாள்
துணி முக்கின வெந்நி.
மூணாவது வாரம்
தேயிலைக்குன்னு ஒரு ருசி இருக்குன்னு
நாக்கு மெல்ல ஒத்துக்கிட்டது.
ரஜபு வீட்டுக் கல்யாணத்துல
நெய்ச்சோறும் தால்சாவும் கூப்பிட்டது, போனேன்.
மறுநாள் விரல்ல குத்தினா இருநூத்து அறுபத்து மூணு.
மறைக்கலை. அதையும் எழுதி வச்சேன்.

நாப்பது நிமிசம் நடை,
மணிக்கொருக்கா எந்திரிச்சு நிக்கது,
ஆகமொத்தம் மூணு கட்டு குறையுது.
கடையில கேட்டான்,
"என்ன லாத்தா, கை தளந்துட்டோ?"
"கால் இப்பதானப்பா முழிச்சிருக்கு."
சிரிச்சான், கூலியைக் குறைச்சுத்தான் போட்டான்.
அந்தக் காசை எழுத
டாக்டரம்மா சீட்டுல கட்டமே இல்லை.

அடுத்த மூணு மாசம், ஏழு புள்ளி ஒம்பது.
கொழுப்பும் இறங்கியிருக்காம்.
மாத்திரையை விட்டுராதீங்கன்னு
ரெண்டு வாட்டி சொன்னாங்க.
கட்டைவிரல் மதமதப்பு அப்படியே இருக்கு,
அது தேறுறது கஷ்டம்னும் சொன்னாங்க.
வரும்போது அந்த பெஞ்சைப் பாத்தேன்.
வேற யாரோ, வேற பை, உள்ள என்னன்னு தெரியலை.

இப்பல்லாம் தலையை மடிக்கப்போ
விரல் ஒரு நொடி நிக்குது.
பிறகு மடிக்குது.
நாளைக்கு நாப்பது கட்டு கேட்டிருக்கான்.
முப்பத்தேழு கொடுப்பேன்.
இலையை நனையப் போட்டாச்சு,
மேல போயிட்டு வாரேன்.