கோடிட்ட இடத்தை நிரப்புக

ஷெப்பர்டனில் மூன்றாம் வகுப்பு.
பாடம்: நம் ஊர், அன்று.
நேற்றிரவு ஒரே கேள்வியை நான்காக வெட்டினேன்.
மெஹ்திக்குப் படங்களோடு;
எழுத்தெல்லாம் நீந்துது என்கிற கூப்பருக்கு
வெளிர்மஞ்சள் தாளில், வரிக்கு வரி இடம்விட்டு;
பேசாத எஸ்பொயருக்குப்
பசைக்குச்சியும் ஏழு சொல்லட்டைகளும்.
மற்றவர்களுக்கு ஒரு வாக்கியம்:
"முன்பு இங்கே ____ இருந்தது."
பிரிண்டரில் மை தீர்ந்து
கடைசித் தாளில் ஆறு சாம்பலாய் விழுந்தது.

காலையில்
கூப்பர் 'பேரிக்காய்' என்று எழுதிவிட்டு
இன்னொரு தாள் கேட்டான்.
மெஹ்தி என் படத்தின்மேல் வரைந்தான்:
ஓர் ஆடு,
இந்தச் சமவெளியில் எங்குமில்லாத மலை.
எஸ்பொயர் 'வீடு' அட்டையைத்
தாளுக்கு வெளியே, மேசையில் ஒட்டினாள்.
நான் பிய்க்கவில்லை.

டாலியா கை தூக்கினாள்,
யோர்ட்டா யோர்ட்டா வீட்டுப் பிள்ளை.
"மிஸ், 'இருந்தது' தப்பு."
கோட்டின்மேல் 'எங்கள் ஆறு' என்று எழுதி
வினைச்சொல்லை அடித்திருந்தாள்,
பென்சில் முனை ஒடிய.

இறந்தகாலம் நடத்தப் போனவள் நான்.
சிவப்புப் பேனாவை மூடினேன்.
ஐந்தாவதாக ஒரு தாள் வெட்டவேண்டும்
இன்றிரவு,
எனக்கு.