கைப்பிடியின் அகலம்

புக்கிட் கியாராவில், மூன்றாம் வளைவுக்கு அப்புறம்,
ஒரு ஆள் ஒதுங்கவே யோசிக்கிற இடத்தில்
குறுக்கே கிடந்தது ஒரு கித்தாக் கட்டை.
மழையின் வேலை என்று நினைத்தேன்.
இறங்கி, சைக்கிளைச் சாய்த்து,
காலால் உருட்டிப் பள்ளத்தில் விட்டேன்.
எறும்புகள் மட்டும் என் காலுறையோடு தகராறு செய்தன.

அடுத்த ஞாயிறு அதே கட்டை. அதே இடம்.
மழை மேலே ஏறிவந்து வைக்காது.

"நம்மைப் பிடிக்காத யாரோ" என்றாள் ஹஸ்லினா,
தண்ணீர்ப் புட்டியைப் பல்லால் திறந்தபடி.
யாருக்குத்தான் பிடிக்கும்?
வளைவில் மணியடித்தால், மிரட்டுகிறாய் என்கிறார்கள்.
அடிக்காவிட்டால், கொல்லப் பார்த்தாய் என்கிறார்கள்.
"வலப்பக்கம்!" என்று கத்தினால்
சரியாக வலப்பக்கமே துள்ளுகிறார்கள்.
நாய்க்கயிறு இரண்டு ஓரத்தையும் கட்டிப்போடுகிறது.
நானும் ஒருமுறை,
சரி, இரண்டுமுறை,
ஒரு சிவப்புக் குடையை உரசிக்கொண்டு போய்
திரும்பிப் பார்க்காமல் இறங்கியிருக்கிறேன்.
இறக்கம் அப்படி. மன்னிப்புக் கேட்க நிற்காது.

எட்டு வாரம்.
நான் உருட்டுவேன். அவன் ஏற்றுவான்.
அவன் என்றுதான் வைத்துக்கொண்டேன்;
நல்ல தோள்களும் கெட்ட மனதும் உள்ள ஒருவன்.
அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் சரிபார்க்கையில்
அவனுக்கு வசனம் எழுதிப் பார்ப்பேன்.
ஆறாவது வாரம் பக்கத்துக் கல்லையும் சேர்த்து உருட்டினேன்.
அது இறங்கிய சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒன்பதாவது வாரம் மணிக்கட்டு உடைந்தது.
மலையில் இல்லை. குளியலறையில், ஷாம்பூ வழுக்கி.
ஹஸ்லினா சிரித்து முடித்துத்தான் வருத்தப்பட்டாள்.

கை கழுத்தில் தொங்க, நடந்து ஏறினேன்.
சக்கரத்தில் ஏழு நிமிடம்.
காலுக்கு அந்த ஏற்றம் முடியவே இல்லை.
இவ்வளவு சத்தமா இந்தக் காட்டில்?
காய் வெடித்துக் கித்தாக்கொட்டை தெறிக்கிறது,
கீழே நெடுஞ்சாலை ஓயாமல் மாவரைக்கிறது,
பின்னால்
ஒரு மணி.
முதுகு முழுக்கக் காதாயிற்று.
வலமா இடமா, எந்தக் கால் முதலில்?
அதற்குள் ஒரு பையன் சேறடித்துக் கடந்தான்.
"தேங்க்ஸ் ஆண்ட்டி!"
ஆண்ட்டி.

மூன்றாம் வளைவில் மூச்சு தீர்ந்தது. உட்கார்ந்தேன்.
உட்கார்ந்த பிறகுதான்
எதன்மேல் என்று தெரிந்தது.

மேல்பக்கத்துப் பட்டையை யாரோ சீவியிருந்தார்கள்,
உடுப்பு கிழியாதபடி, பொறுமையாக.
இடுக்கில் நான்காய் மடித்த சீன நாளிதழ்.
புளிப்புமிட்டாய்த் தாள் இரண்டு.
அந்த ஏற்றம் முழுக்கச் சமதளம் அந்த ஓரடிதான்;
வேறெங்கே போட்டாலும் கட்டை உருளும்.
பள்ளத்திலிருந்து மேலே வரை
நின்று நின்று இழுத்த தடம்.
பக்கத்திலேயே வரிசையாகச் சிறு குழிகள்,
குடை முனை ஊன்றிய அளவு.
குடை என்ன நிறமென்று
மண்ணில் தெரிவதில்லை.

கட்டுப் பிரித்த வாரம்
தொட்டிச்செடிக்கு வைத்திருந்த கொத்துக்கரண்டியோடு போனேன்.
மேட்டை உள்பக்கமாகக் கொத்தி,
கட்டையைப் பாதையோடு பாதையாகத் திருப்பி,
இரண்டு கல் முட்டுக்கொடுத்தேன்.
அரைமணிநேரம். கை வலித்தது.
யாராவது வருவார்கள் என்று கொஞ்சம் நின்றேன்.
ஒரு குரங்கு வந்தது.

அடுத்த முறை சைக்கிளில் வந்தபோது
என் கற்கள் இல்லை. வேறு கற்கள்.
கட்டை இன்னும் அரைச் சாண் உள்ளே போயிருந்தது.
கைப்பிடியை நேராக்கி உருட்டிப் பார்த்தேன்:
இரு முனைக்கும் கட்டைவிரல் அகலம் மிச்சம்.
எதை வைத்து அளந்தார்?
என் டயர் ஒற்றைக் கோடல்லவா போடுகிறது.

இன்றுவரை பார்த்ததில்லை.
ஒருவேளை பார்த்திருக்கிறேன்,
அந்த வேகத்தில்.

இப்போதும் வேகமாகத்தான் இறங்குகிறேன்.
அந்த வளைவுக்கு முன்னால் மட்டும்
பின்சக்கரம் பன்றிக்குட்டி போலக் கீச்சிடுகிறது,
மலைக்கே கேட்கும்படி.
பிரேக் கட்டையை மாற்றச் சொல்கிறாள் ஹஸ்லினா.
வாங்கி வைத்திருக்கிறேன்.
இன்னும் மாற்றவில்லை.