உப்புப் பார்த்தல்

எனக்கு முன்னால் நூற்றுப்பத்து வண்டி.
நேற்று ராத்திரி எண்ணூர் சாலையில் நிறுத்திய டிரெய்லர்
இன்று மதியம்வரை
ஒரு டீக்கடை தூரம் நகர்ந்திருக்கிறது.
ஜீரோ கேட் கடலுக்குள் இருக்கிறதோ என்னவோ.

பிலோமி கட்டிக்கொடுத்த டப்பாவைத் திறந்தேன்.
முளைகட்டிய பயறு.
கிளம்பும்போது வால் மட்டும் இருந்தது,
கேபின் சூட்டில் இப்போது இலை எட்டிப் பார்க்கிறது.
இன்னும் ஒருநாள் நின்றால்
டேஷ்போர்டில் அறுவடை.

ஸ்டான்லியில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
அதில் வட்டமாக ஒரு தட்டு:
பாதி காய், கால் பருப்பு, கால் சோறு.
சின்ன டாக்டரம்மா, நல்ல பிள்ளை,
பேனாவால் கோடு கிழித்துக் காட்டியது.
நான் தட்டில் சாப்பிட்டே பதினோரு நாள் ஆகிறது என்று
சொல்ல வாய் வரவில்லை.
ஸ்டியரிங்கும் வட்டம்தான்.
அதில் பாதி எது?

அஸ்கரின் தள்ளுவண்டி நாலு மணிக்கு வரும்.
'ஃபாஸ்ட் ஃபுட்' என்று எழுதியதில்
ஃபுட் மழையில் கரைந்து
ஃபாஸ்ட் மட்டும் மிச்சம்.
நோன்பு மாசத்துக்கு அதுவும் சரிதான் என்பான்.
என் லேப் சீட்டிலும் அதே சொல்:
ஃபாஸ்டிங், இருநூற்றுப் பதினெட்டு.

பர்னர் சீறும்.
முட்டைகோஸ், முட்டை, காலையில் வடித்த சோறு,
விரலில் ஒட்டினால் ரெண்டு நாள் போகாத சிவப்புத் தூள்.
மூன்று நிமிஷம்.
பதினாலு மணிநேரம் நிற்கிறவனுக்கு
மூன்று நிமிஷத்தில் சோறு எதற்கு என்று
ஒருநாளும் நான் என்னைக் கேட்டதில்லை.

பொழுது சாயும்வரை
அவன் நாக்கு அவனுடையதில்லை.
அதனால் உப்புப் பார்க்கும் உத்தியோகம் எனக்கு.
உள்ளங்கையில் நாலு பருக்கை வைப்பான்.
"அண்ணே?"
"கொஞ்சம்."
"இப்போ?"
"போதும்."
தினமும் அந்த நாலு பருக்கை
எந்தத் தாளிலும் ஏறவில்லை,
பிலோமி காதிலும்.

இன்று வெள்ளி. எங்களுக்குத் தவக்காலம்.
அவன் கரண்டியை நீட்ட
நான் கையை மடக்கிக்கொண்டேன்.
ஒருசந்தி, என்றேன்.
"ஆண்டவருக்கா, டாக்டருக்கா?"
எனக்கே தெரியவில்லை.
போன வருஷ ஒருசந்தியை
ராத்திரி எட்டு மணிக்கு நாலு பரோட்டாவால் முடித்தேன்.
அது யாருக்கு இருந்தது?

கிளீனர் வரதனைக் கூப்பிட்டோம்.
கடைவாய்ப் பல் பிடுங்கி
பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.
கிரேன் ஓட்டும் சொக்கலிங்கம்
பி.பி. வந்து உப்பை விட்டு ஆறு வருஷம்.
ஒரு பருக்கை வைத்ததும் முகம் சுளித்தார்:
"எனக்கு எல்லாமே கரிக்கும்பா."

சரி, கடல் காற்று பார்த்துக்கொள்ளும் என்று
அஸ்கர் கண்ணை மூடிக்கொண்டு
ஒரு கை அள்ளிப் போட்டான்.
இருபது பேர் தின்றார்கள்.
ஒருத்தர் சாஸ் கேட்டார்.
மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே மென்றார்கள்.
இத்தனை நாள் நான் பார்த்த உப்பு
யாருக்குத்தான் தெரிந்தது?

பசி முதலில் வயிற்றில் இருந்தது.
ஐந்தரைக்குக் கையில் வந்து நடுங்கியது.
அப்புறம் வாசனையெல்லாம் தனித்தனியாகப் பிரிந்தது:
டீசல். கருவாடு. எரிந்த எண்ணெய்.
எண்ணெய் பழசு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.
அவனிடம் சொல்லவில்லை.

மணலிப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் சூரியன் இறங்க
பாங்கு கேட்டது.
பேரீச்சம்பழத்தைப் பிட்டுப் பாதியை என்னிடம் தந்தான்.
நான் டப்பாவைத் திறந்து நீட்டினேன்.
ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டு
மென்றான், மென்றான்,
வானத்தைப் பார்த்து மென்றான்.
"உப்பு பத்தல, அண்ணே."

அதற்குள் முன்வண்டி நகர்ந்துவிட்டது.
பின்னால் நாற்பது ஹாரன்.
ஏறி உட்கார்ந்து கியர் போடும்போதும்
பாதிப் பழம் கன்னத்தில் ஒதுங்கியே இருந்தது.
விழுங்க அவசரப்படவில்லை.