சனிக்கிழமைப் புகை

திங்கள் முதல் வெள்ளிவரை
பல் பிடுங்குகிறேன்.
சனிக்கிழமை எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறேன்,
சம்பளம் இல்லை.
கொதிகலன் முள் நூற்றைம்பதை விட்டு இறங்கக் கூடாது,
அவ்வளவுதான் அன்றைக்குக் கவலை.

மூன்றாம் பெட்டியில் மெய்ரியோனா ப்யூ,
என்னிடம் இரண்டு கடைவாய்ப் பல் இழந்தவள்.
இந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில்
புகையைச் சபித்தே வளர்ந்தவள்.
வெளுத்துக் காயப்போட்ட விரிப்புகளில்
பத்து நாற்பது வண்டி
கரிப்பொட்டு வைத்துவிட்டுப் போகும்;
அவள் அம்மா கரண்டியோடு வேலிவரை ஓடி
எஞ்சினைத் திட்டுவாளாம்,
டிரைவர் தொப்பியைத் தூக்குவானாம்.

இப்போது பதினெட்டுப் பவுண்டு கொடுத்து
கண்ணாடியை இறக்கித்
தலையை வெளியே நீட்டுகிறாள்.

குகை.
யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை ஊளையிட்டது.
வெளிச்சம் வந்தபோது
அவள் வெள்ளைக் காலரில்
மிளகளவு கரி.
தட்டிவிடப் போன விரல்
பாதியில் நின்றதாம்.

ஏழு மைல். அப்புறம் தண்டவாளமே இல்லை,
ஆடு மேய்கிறது.
எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டுகிறோம்.
எங்கும் போய்ச் சேராத வண்டிக்கு
அடுத்த வாரமும் டிக்கெட் தீர்ந்துவிட்டது.

இறங்கும்போது காலரைக் காட்டிக் கேட்டாள்:
"இவ்வளவுதானா?
அந்தக் குகையில்
இன்னும் கொஞ்சம் புகை விடக் கூடாதா?"