வாட்டம்

"இவராய் மிஸ்," முடிந்தது என்று
பியதிலக்க பாஸ்
சாந்தகப்பையைச் சாக்கில் சுற்றிக்கொண்டு போன
மறுநாள் காலை
முதல் வாளியை ஊற்றினேன்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு, துவாரத்தைத் திரும்பியும் பாராமல்
கதவுப்பக்கம் நடந்தது.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடல் தெரியாது,
கடலின் உப்பு மட்டும் தவறாமல் வந்து
திருகாணிகளைத் தின்னும் பக்கம்.
குசினியிலிருந்து ஒரு தேசிக்காய் கொண்டுவந்து
நடுத்தரையில் வைத்தேன்.
அது உருண்டுபோய்
வோஷிங் மெசினுக்கு அடியில் ஒளித்துக்கொண்டது.
எதிர்மூலையில் துவாரம்
சனமெல்லாம் வேறு கோயிலுக்குப் போய்விட்ட
ஐயரைப் போலச் சும்மா இருந்தது.

பத்து ரூபாய்க் குற்றியால்
ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டினேன்.
கிண் என்றால் நல்லது.
பொத் என்றால் கோறை.
பதினொரு பொத்.

அன்றிரவே கீழ்வீட்டு மஃபூஸா
படம் அனுப்பினாள்:
அவள் சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு கறை.
"இது உங்கட தண்ணியா, எங்கட தண்ணியா?"

பாஸ் நாலு நாள் போன் எடுக்கவில்லை.

பேரம் பேச எனக்குச் சிங்களம் போதும்.
சீமெந்துக்கும் மணலுக்கும்
சீனி எவ்வளவு போட என்பதற்கும் போதும்.
சண்டைக்குப் போதாது.
கோபம் வந்ததும்
வினைச்சொற்கள் முதலில் ஓடிவிடும்,
பின்னாலேயே எண்கள்.
எஞ்சுவது "ஐயோ பாஸ்" மட்டும்.
அது இரண்டு மொழிக்கும் பொது,
இரண்டிலும் பயனில்லை.

ஒஃபிசில் தில்ருக்ஷியிடம்
ஒரு வசனம் எழுதி வாங்கினேன்:
மிச்ச இருபத்திரண்டாயிரம்
தண்ணீர் துவாரத்துக்குப் போன பிறகுதான்.
"இதில் மரியாதை கூடிப்போச்சே" என்றேன்.
"குறைச்சால் நீ சொல்லமாட்டாய்" என்றாள்.

போயா அன்று அவராகவே வந்தார்,
பன்சலைக்குப் போன வெள்ளைச் சேட்டோடு.
கையை மடித்துவிட்டு முழங்காலில் இருந்தார்.
நான் நீட்டிய குற்றியை வேண்டாமென்று
நடுவிரல் மொழியால் தட்டிக்கொண்டே போனார்.
கோறை கேட்ட இடமெல்லாம்
பென்சிலால் ஒரு புள்ளடி.
நான் எண்ணியது பதினொன்று.
பாஸ் நிமிர்ந்தது பத்தொன்பதில்.

வசனம் என் உள்ளங்கையில்
வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது.

"அந்தக் கிழமை நான் நிற்கவில்லை.
பெடியனிடம் விட்டுப் போனேன்."
எங்கே என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஒரு காரணம் வந்திருக்கும்,
காரணத்தோடு ஒரு கழிவும்.

தண்ணீர் ஓடத் தரையைச் சரிப்பதற்குத்
தமிழில் வாட்டம் என்று பெயர், பாஸ்,
முகத்துக்கும் அதே சொல்தான்.
இதை நான் சொல்லவில்லை.
ஒரு கண்ணை மூடி, கன்னத்தைத் தரையில் வைத்து
சரிவில்லாத அந்தச் சரிவை
அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது நினைத்தேன்.

மூன்று நாள் சுத்தியல்.
சோற்றிலும் தூசி.
கடையில் அந்த வகை முடிந்துவிட்டது;
கிடைத்தவை ஒரு சொட்டு மஞ்சள் கூட,
அதுவும் பதினெட்டுத்தான்.
டைல்ஸ் காசில் பாதி அவர், பாதி நான் என்பதற்கு
ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.
அதற்கு வசனம் எழுதி வைத்திருக்கவில்லை,
விரல்களாலேயே பேசினோம்.

கடைசி நாள் வோஷிங் மெசினை இழுத்தபோது
அந்தத் தேசிக்காய் வந்தது,
தோல் சுருங்கி, வாடி, கல் மாதிரி.
இதென்ன என்று கேட்காமல்
அவர் அதை எடுத்து நடுத்தரையில் வைத்தார்.
அது ஒருமுறை தள்ளாடி
ஆறுதலாகத் துவாரத்துக்குப் போனது.

காசில் ஐந்நூறு குறைத்துக் கொடுத்தேன்.
எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார்.
"ஹரி மிஸ்."

கதவுக்குப் பின்னால் பத்தொன்பதாவது
இன்னும் புள்ளடியோடு இருக்கிறது.
குளிக்கப் போகும்போது
குதிக்காலால் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன்.
பொத்.
மஃபூஸா கேட்கிறாள்,
சீலிங்குக்குப் பெயின்ற் அடிக்கிற காசு யாருடையதாம்?